துரையின் நிறம்

நீலம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த நீலம்? பள்ளிக்கூடச் சீருடை நீலமா, மயில் கழுத்து நீலமா? சிவப்பு எட்டிப் பார்க்கிற நீலமா, பச்சை எட்டிப் பார்க்கிற நீலமா? நிச்சயம் முடிந்து முதன்முதலாகப் போனில் பேசியபோது ரைசா, "எனக்கு நீலம் புடிக்குமுங்க" என்றாள். "எந்த நீலம்?" என்று கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். கல்யாணம் நின்றுவிடும் என்று என் அக்கா ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தாள்.

என்னைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் சாயப்பட்டறையில் லேப் இன்சார்ஜ். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் உள்ளங்கை அகலத்தில் ஒரு துணித்துண்டு அனுப்புவான். அதே நிறத்தை எங்கள் பனியன் துணியில் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்ததை லைட் பாக்ஸ் என்ற பெட்டிக்குள் அவன் துண்டின் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் என்று விளக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். மூன்றிலும் ஒன்றுபோல இருந்தால்தான் சரக்கு நகரும். கொஞ்சம் டோன் மாறினாலும் மொத்தமும் திரும்பி வந்துவிடும். பதினைந்து வருடமாக இந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவன் எல்லாவற்றையும் அப்படித்தான் பார்ப்பான்.

இந்தக் கதை ஒரு மீனைப் பற்றியது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆறு வருடம் காத்திருந்து ரைசாவுக்குத் தங்கிய கரு நான்காம் மாதத்தில் கலைந்துவிட்டது. டாக்டரம்மா வராந்தாவில் வைத்து முதலில் என்னிடம்தான் சொன்னார்கள். நான் உள்ளே போய், மயக்க மருந்து தெளிந்தும் தெளியாமலும் கிடந்தவளிடம், "ஒண்ணுமில்ல ரைசா, எல்லாம் சரியாயிடும்" என்றேன். சாயங்காலம் நர்ஸ் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் ஆகி ஆட்டோவில் வரும்போது தீபாவளிக் கூட்டம். பாலத்துக்குக் கீழே வண்டி நகரவே இல்லை. பக்கத்தில் ஒரு வளர்ப்பு மீன் கடை. வாசலில் பிளாஸ்டிக் டம்ளர்களை வரிசையாக அடுக்கி, டம்ளருக்கு ஒரு மீன் விட்டிருந்தார்கள். ரைசா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனுங்க, அந்த நீலத்தைப் பாருங்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால் எந்த நீலம் என்று ஆரம்பித்திருப்பேன். அன்றைக்கு ஆட்டோவிலிருந்து குதித்தேன்.

கடைக்காரி பெயர் அபிராமி. விலங்கியல் படித்துவிட்டு, கம்பெனி வேலைக்குப் போகமாட்டேன் என்று சொந்தமாகக் கடை வைத்தவள். வாய் கொஞ்சம் நீளம். "ஃபைட்டர் மீனுங்க சார். ஒரு தொட்டிக்கு ஒண்ணுதான். இன்னொரு ஆம்பளை மீனைக் கண்ணுல காட்டுனாக்கூடச் சிலுப்பிக்கிட்டு நிக்கும்" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இதுக்கு முன்னால மீன் வளத்தியிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப உருண்டைக் கிண்ணமெல்லாம் வேண்டாமுங்க. மூடி போட்ட தொட்டியா எடுத்துக்குங்க, இது தாவும். தீனி அளவாப் போடுங்க. தண்ணியை மொத்தமாக் கொட்டிக் கழுவாதீங்க. பாதிக்கும் கம்மியா எடுத்துட்டுப் புதுத் தண்ணி ஊத்துனாப் போதும்."

வீட்டில் தொட்டிக்குள் விட்டதும் அது முழு வாலையும் விரித்து, மூலை மூலையாகப் போய் நின்று நின்று பார்த்தது. குறை கண்டுபிடிக்க வந்த வீட்டுக்காரர் மாதிரி இருந்தது.

"வந்ததும் வராததுமா ஊட்டைச் சுத்திப் பாக்குறாரு பாருங்க. பெரிய துரை" என்றாள் ரைசா. உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. இந்த மீனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அந்த நிமிடமே எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து அவர் துரை. மரியாதைக் குறைவாகப் பேசினால் ரைசாவுக்குப் பிடிக்காது. "துரை சாப்பிட்டாருங்களா?" "துரை தூங்குறாரு, டிவி சத்தத்தைக் குறைங்க."

தண்ணீர் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் போர்வெல்லில் உப்புத் தண்ணீர், கார்ப்பரேஷன் குழாயில் நல்ல தண்ணீர், குடிப்பதற்குக் கேன் தண்ணீர். உயிருள்ளதற்குச் சுத்தமான கேன் தண்ணீரையே ஊற்றுங்கள் என்றார் கீழ்வீட்டுத் தங்கவேலு அண்ணன். கேன் தண்ணீரில் சத்தே இருக்காது, தண்ணீரைப் பற்றி எனக்கா பாடம் எடுக்கிறீர்கள் என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து, குளோரினை எடுத்து, லேப் மீட்டரில் அளந்து பார்த்துத்தான் ஊற்றினேன். அதில் தப்பு நேரவில்லை.

தீனியில்தான் ஏமாந்தோம். ரைசா கண்ணாடிப் பக்கம் போகும்போதெல்லாம் துரை பட்டினி கிடந்தவர் போல ஓடிவந்து வாயைத் திறப்பார். அவளும் இரண்டு தீனி மணி போடுவாள். நான் போகும்போது என்னிடமும் வாயைத் திறப்பார். வயிறு கோலிக்குண்டு மாதிரி வீங்கிவிட்டது. அபிராமிக்குப் போன் போட்டேன். "ஒரு நாள் பட்டினி போடுங்க, சரியாப் போயிரும். அது நடிக்குமுங்க சார், நம்பாதீங்க" என்றாள். அந்த ஒரு நாளும் ரைசா தொட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வயிறு வடிந்து அவர் ஒரு மணியை லபக்கென்று விழுங்கியதும், "எனக்கும் பசிக்குதுங்க" என்றாள். நான் ஓடிப்போய்ப் பரோட்டா வாங்கி வந்தேன்.

இன்னொரு தொல்லை நுரை. காலையில் எழுந்து பார்த்தால் தொட்டியின் ஒரு மூலையில் தண்ணீர் மேல் சின்னச் சின்னக் குமிழாக நுரை கட்டியிருக்கும். சாயப்பட்டறைக்காரனுக்கு நுரை என்றாலே ஆகாது. மெஷினுக்குள் நுரை எழும்பினால் துணி திட்டுத்திட்டாகிவிடும். அதை அடக்கத் தனியாக மருந்தே ஊற்றுவோம். ஆகவே ஒரு டீ வடிகட்டியை ஒதுக்கி வைத்து, தினமும் காலையில் நுரையைச் சுத்தமாக வழித்து எடுத்துவிடுவேன். மறுநாள் அதே மூலையில் மறுபடியும் இருக்கும். நானும் விடாமல் வழிப்பேன்.

தீபாவளி கழிந்ததும் என் மாமியார் ஜுபைதா கணியூரிலிருந்து வந்தார்கள். "கொஞ்ச நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன் மாப்ள. உடம்பு தேறட்டும், மனசும் தேறட்டும்" என்றார்கள். மறுக்க முடியவில்லை. புறப்படுமுன் ரைசா கண்ணாடியில் விரலை வைத்தாள். துரை விரலுக்கு நேரே வந்து நின்றார். விரல் போகிற பக்கமெல்லாம் போவார். மூலையில் திரும்பினால் அவரும் திரும்புவார். அவள் பழக்கிய வித்தை அது. எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"பத்திரமாப் பாத்துக்குங்க" என்றாள்.

தனியாக இருந்த முதல் வாரத்தில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. துரையின் நீலத்திலேயே அவளுக்கு ஒரு சுடிதார் துணி சாயம் போட்டு வைத்தால் என்ன? மீனின் நிறத்தைப் பிடிப்பது லேசில்லை. முதல் துண்டில் பச்சை அதிகம், அடுத்ததில் கறுப்பு. லேபில் என்னோடு வேலை பார்க்கும் மோகன்ராஜ், "எந்த பையர் சார் இவ்வளவு படுத்துறான்?" என்றான். கடைசியில் கைக்குட்டை அளவுத் துண்டு ஒன்றில் அச்சு அசலாக வந்துவிட்டது. அதைத் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டி வைத்து, மீனையும் துணியையும் மாறி மாறிப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் அது என் கண்ணில் பட்டது. ஒருநாள் காலை, துணி அதே நீலம். மீன் அப்படி இல்லை.

வயிற்றோரம் கொஞ்சம் வெளுத்திருந்தது. டியூப்லைட் கோளாறாக இருக்கும் என்று ஜன்னலைத் திறந்தேன். வெயிலில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. அடுத்த சில நாட்களில் வெளுப்பு மேலே ஏறியது. செதில் செதிலாக நீலம் கழன்று கொண்டிருந்தது. ஒரு பீக்கரில் துரையை எடுத்து, மூடி போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து லேபுக்குப் போய் லைட் பாக்ஸுக்குள் வைத்தேன். பக்கத்தில் அந்தத் துணித்துண்டு. பகல் வெளிச்சம். கடை வெளிச்சம். வீட்டு வெளிச்சம்.

மோகன்ராஜ் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "என்னுங்க சார், பையர் இப்ப மீனாவே அனுப்ப ஆரம்பிச்சுட்டானா?" நான் மறுபடியும் விளக்கை மாற்றிப் போட்டேன். அவன் விளையாட்டாகவே, "மூணு லைட்லயும் ஷேடு அவுட்டுங்க. ரிஜெக்ட்" என்றான். அவன் மேல் நான் எரிந்து விழுந்ததில் இரண்டு நாள் அவன் என்னோடு டீக்கு வரவில்லை.

என்னவெல்லாமோ செய்தேன். யாரோ சொன்னார்கள் என்று ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டேன். உப்பு போட்டால் துணியில் சாயம் ஏறும்; மீனில் ஏறவில்லை. குளிர் தாங்கவில்லையோ என்று தொட்டிக்குப் பக்கத்தில் குண்டு பல்பு எரியவிட்டேன். நிறம் கூட்டும் என்று டப்பாவில் போட்டிருந்த தீனியை வாங்கிப் போட்டேன். துரை எல்லாவற்றையும் சாப்பிட்டார், சுறுசுறுப்பாக நீந்தினார், தினமும் நுரை விட்டார், தினமும் வெளுத்தார்.

ரைசா தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் கேட்பாள்: "துரை போட்டோ அனுப்புங்க." என்ன செய்வது? அவள் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, துரை முழு நீலமாக இருந்தபோது, நிறையப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதிலிருந்து நாளுக்கு ஒன்றாக அனுப்பினேன். வீடியோவில் காட்டச் சொன்னால் நெட் சரியில்லை என்பேன். அவள் வாயைத் திறந்ததே அந்த நீலத்தைப் பார்த்துத்தான். அது போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? ஒன்றை இழந்துவிட்டு வந்தவளுக்கு இதுவும் என் கையில் வெளுத்துப் போயிற்று என்றா?

ஒருநாள் அவளே போன் செய்தாள். "வர்ற வெள்ளிக்கிழமை வரேனுங்க." குரலில் ஏதோ ஒரு தீர்மானம் இருந்தது. சந்தோஷப்பட வேண்டியவன் பேயறைந்தவன் மாதிரி நின்றேன். பிறகு சுவரில் இருந்த துணித்துண்டைக் கிழித்தெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அபிராமி கடைக்குப் போனேன்.

என் போனில் இருந்த துரையின் புதுப் படத்தைப் பார்த்து அவள் பதறவே இல்லை. "ஓ, மாற ஆரம்பிச்சுருச்சுங்களா? இது மார்பிள் வகைங்க சார். இதுக கலரு நிக்காது. நீலமா இருக்கும், வெள்ளையாகும், சிலது மறுபடி நீலமாகும், சிலது ஆகாது. சீக்கு கீக்கு ஒண்ணுமில்லீங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "இதை விக்கறப்பவே சொல்லோணும் இல்லீங்களா?"

"சின்ன மீனா இருக்கறப்ப எங்களுக்கே தெரியாதுங்க. சாப்பிடுதுங்களா?"

"சாப்பிடுது."

"நுரை கட்டுதுங்களா?"

"அதை ஏன் கேக்கறீங்க, தினமும் கட்டுது. நான் தினமும் வழிச்சுப் போடறேன்."

அபிராமி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ சார், அது கூடுங்க! குஞ்சை வெச்சுக் காப்பாத்தறதுக்கு ஆம்பளை மீன் கட்டுற கூடு. பொட்டை மீன் பக்கத்துல இல்லாட்டியும் கட்டும். இடம் புடிச்சுப்போயி நல்லா இருந்தாத்தான் கட்டும். தினமும் கலைச்சுப் போட்டும் கட்டுதுன்னா அது பெரிய ஆளுங்க."

அந்த டீ வடிகட்டி கண் முன்னால் வந்து வந்து போனது. துரைக்கு நோய் இல்லை என்பதில் மனசு லேசானது உண்மைதான். ஆனாலும் வெள்ளிக்கிழமை அப்படியேதான் இருந்தது. துணித்துண்டை எடுத்து டம்ளர்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

"சார், துணி எடுக்க வந்தீங்களா, மீன் எடுக்க வந்தீங்களா?"

"இந்த நீலத்துல ஒண்ணு வேணுமுங்க."

"நல்லா இருக்குற மீனை எதுக்குங்க மாத்தறீங்க?"

"நீங்க மீனைக் குடுங்க" என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் கொடுத்தாள். பத்துப் பன்னிரண்டு பார்த்து ஒன்று சரியாகப் பொருந்தியது. "இதாவது மாறாதுங்களே?" என்றேன். "கியாரண்டியெல்லாம் தர முடியாதுங்க சார். உசுருள்ளது" என்றாள்.

வியாழக்கிழமை துரையைப் பெரிய பீக்கருக்கு மாற்றி, வலை போட்டுக் கட்டி, லேபில் லைட் பாக்ஸுக்குப் பக்கத்து மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். புதியவனைத் தொட்டியில் விட்டேன். துணியை அதே இடத்தில் ஒட்டினேன். துணியும் மீனும் ஒரே நீலம். எந்த பையரும் கண்ணை மூடிக்கொண்டு அப்ரூவல் கொடுப்பான்.

ஜும்ஆ தொழுதுவிட்டு நான் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் ரைசா வந்தாள். முகம் தெளிந்திருந்தது, கொஞ்சம் இளைத்திருந்தாள். சலாம் சொன்னாள், பையைக் கீழே வைத்தாள், கைகூடக் கழுவாமல் நேரே தொட்டிக்குப் போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் விரலை வைத்தாள். புதியவன் செவுளை விரித்துச் சீறிவிட்டு, செடிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். விரலை மூலை வரைக்கும் நகர்த்திப் பார்த்தாள். அவன் வரவில்லை.

"துரை எப்பங்க செத்தாரு?" என்றாள். நிதானமாகத்தான் கேட்டாள்.

"சாகறதாவது! இதோ இருக்காரே. நீயே பாரு, அதே நீலம்." துணித்துண்டைப் பிய்த்து அவள் கையில் கொடுத்தேன். அதைவிட அசட்டுத்தனமான காரியத்தை நான் வாழ்க்கையில் செய்ததில்லை.

"நீலம் அதேதானுங்க. மீன் வேற" என்றாள். "நீங்க அனுப்புன எல்லாப் போட்டோலயும் ஓரத்துல ஒரு டீ டம்ளர் இருந்துச்சு. பாதி டீ. அதை நீங்க குடிக்கவும் இல்ல, கொட்டவும் இல்ல. அதைக் கவனிச்ச அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க அம்மா ஊட்டு மொட்டை மாடில உக்காந்து அழுது முடிச்சுட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

"ரைசா..."

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். அன்னைக்கு ஆஸ்பத்திரிலயும் நீங்க சொல்லல. ஏனுங்க, எனக்குத் தாங்காதுன்னு நீங்களே எப்படி முடிவு பண்றீங்க? நான் தாங்கிட்டுத்தானுங்களே நிக்கறேன்."

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவளைத் தனியாக அழவிட்டிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

"துரை சாகல. உசுரோட லேப்ல இருக்காரு. கலரு மட்டும் போயிருச்சு" என்று எல்லாவற்றையும் சொன்னேன். நம்பாத கண்ணோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வண்டியை எடுங்க" என்றாள்.

லேபில் மோகன்ராஜ் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, "நான் டீ சாப்பிட்டுட்டு வந்தர்றேனுங்க சார்" என்று நழுவினான். பீக்கரைச் சுற்றி வைத்திருந்த அட்டையை எடுத்தேன். துரை பால் வெள்ளையாக இருந்தார். செவுளோரம் லேசான ரோஜா நிறம். வால் நுனியிலும் ஒரு கண்ணுக்கு மேலும்தான் பழைய நீலம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் மீனைப் பார்க்கவில்லை, ரைசாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பையர் முன்னால் நின்றிருக்கிறேன். இப்படித் தீர்ப்புக்குக் காத்து நின்றதில்லை.

அவள் விரலைக் கண்ணாடியில் வைத்தாள். துரை திரும்பினார். நேரே வந்து விரலுக்கு எதிரில் நின்றார். அவள் விரலை பீக்கரைச் சுற்றி ஓட்டினாள். அவரும் ஒரு சுற்று ஓடினார். எதிர்ப்பக்கமாக ஓட்டினாள். எதிர்ப்பக்கமாகவும் ஓடினார்.

"என்னங்க துரை, இப்படி வெள்ளைக்காரத் துரையாவே ஆயிட்டீங்களே!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "இதுக்காகவா ஆளை மாத்துனீங்க?"

"நீ அந்த நீலத்துக்குத்தானே ஆசைப்பட்ட? அது போயிருச்சுன்னா உனக்கு..."

"நீலம் போனாப் போகுதுங்க. அவரு இருக்காரே." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நானுந்தான் போனப்ப இருந்த மாதிரி வரலீங்க. சில நாளு காரணமே இல்லாம அழுகை வருது. சின்னக் கொழந்தைகளைப் பாத்தா ஒதுங்கிப் போயர்றேன். பழைய மாதிரி ஆவனான்னு எனக்கே தெரியல. அப்ப என்னையும் கணியூருக்கு அனுப்பிட்டு, பழைய ரைசா மாதிரியே ஒண்ணு பாத்துக் கூட்டிட்டு வந்துருவீங்களா?"

"நீ எந்தக் கலர்ல வந்தாலும் சரி" என்றேன். லேப் இன்சார்ஜ் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை. ஆனால் அந்த நிமிடம் அதைவிட உண்மையான வார்த்தை என்னிடம் வேறு இல்லை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பீக்கரின் ஓரத்தில் எதையோ காட்டினாள். "இது என்னுங்க, இத்தனை நுரை?"

வியாழக்கிழமை வைத்ததிலிருந்து வழிக்க ஆள் இல்லாததால் ஓரம் முழுக்க வெள்ளையாகத் திரண்டிருந்தது. மறைக்காமல் சொன்னேன். "கூடு. குஞ்சுகளுக்காக அவரு கட்டறது. எனக்குத் தெரியாம, ஊட்ல தினமும் வழிச்சு வழிச்சுப் போட்டேன். அவரு தினமும் கட்டியிருக்காரு."

ரைசா குனிந்து ஒவ்வொரு குமிழாகப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள். துரை மேலே வந்து ஒரு வாய் காற்றை உறிஞ்சி, நுரைக்கு அடியில் போய் ஒரு குமிழை ஒட்டிவிட்டு வந்தார்.

"வண்டில கொண்டுபோனா இதெல்லாம் உடைஞ்சுரும்" என்றேன். "ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டுமா?"

"வேண்டாமுங்க. ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயரலாம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உடைஞ்சா மறுபடி கட்டிக்குவாரு."

கையோடு கொண்டுவந்திருந்த அந்தத் துணித்துண்டை பீக்கர் மேல் மூடி, மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் வண்டி ஓட்டியதில்லை. பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்தான். ஒருவன் திட்டினான். நானும் திட்டினேன். ரைசா முதுகில் ஒரு குத்து விட்டு, "முன்னால பாத்து ஓட்டுங்க" என்றாள்.

வீடு வந்து சேர்ந்தபோது ஒரு குமிழ் மிச்சமில்லை. புதியவனைப் பழைய பீக்கருக்கு மாற்றிவிட்டு, துரையைத் தொட்டியில் விட்டோம். அவனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். "வந்தவரைப் போகச் சொல்றதாவது! சின்னத்துரை இங்கயே இருக்கட்டும்" என்றாள் ரைசா. அவனுக்கும் ஒரு தொட்டி வாங்கியாக வேண்டும். அபிராமியிடம் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டாக வேண்டும். அதுவரைக்கும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிலுப்பிக்கொள்ளாமல் இருக்க, நான் பாடுபட்டுச் சாயம் போட்ட துணித்துண்டை நடுவில் திரையாகத் தொங்கவிட்டாள்.

மறுநாள் காலையில் டீ டம்ளரோடு கண்ணைத் தேய்த்துக்கொண்டு நான் கூடத்துக்கு வந்தேன். ரைசா எனக்கு முன்னால் எழுந்து தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, சத்தம் போடாம இங்க வாங்க."

அதே மூலையில், கால் ரூபாய் அகலத்துக்கு நுரை. அதற்கு அடியில் வெள்ளைத் துரை போய்ப் போய் வந்துகொண்டிருந்தார்.

"ஆரம்பிச்சுட்டாருங்க" என்றாள்.

கையில் இருந்த டீ ஆறிப்போகும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.